சிற்றுயிர்ச் சிறையும் சிவநெறியும்

உயிர்கள் எண்ணிலவாயினும் அவற்றிற்கெல்லாம் தலைவன் ஒருவனே என்பதும், பசுபதி என்னும் திருப்பெயர் அதுபற்றி எழுந்தது என்பதும் சைவ நன்மக்கள் அனைவரும் அறிந்தனவே. பசு என்னும் சொல் மக்களுயிரை மட்டும் குறிப்பதன்று. யானை முதல் எறும்பு ஈறாகவும் மரம் முதல் புல் ஈறாகவும் உள்ள உயிர்த்தொகுதி முழுவதையும் குறிப்பதாம். அங்ஙனமாயின், ஒரு பசு மற்றொரு பசுவைத் தன் மகிழ்ச்சியின்பொருட்டுப் பிடித்து அடைத்து வைத்தல் தகுமோ என்பது ஆராயற்பாலது. கொலையும் புலாலும் தீது என்பது சைவ நூல்களால் ஐயமின்றித் துணியப்பட்டது. கொல்லாது, அன்பு காட்டி, இரையும் ஊட்டி அடைத்து வைப்பதோ அத்துணை எளிதில் துணியப்படுவதன்று.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில், வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் உள்ளது கூமாப்பட்டி. பிளவக்கல் அணைகள் அதன் அண்மையில் உள்ளன. சுந்தரமகாலிங்கர் எழுந்தருளிய சதுரகிரியும் அம்மலைத் தொடரிலேயே உளது. 2025-ஆம் ஆண்டில் கைபேசிக் காணொளிகளால் இவ்வூரின் பெயர் நாடெங்கும் பரவ, ஆறும் அணையும் காணப் புதியோர் பலர் வரலாயினர். இத்தகைய மலையடிவாரங்களில் மழை பெய்தவுடன் தவளையும் தலைப்பிரட்டையும் எங்கும் தோன்றும். கண்ட சிறுவர் அவற்றைப் புட்டியில் இட்டு வீட்டுக்குக் கொண்டுசெல்ல விரும்புதல் இயல்பு. அவ்விருப்பமே மேனாடுகளில் முதிர்ந்து, சாலமாண்டர், நியூட் என்னும் உயிர்களைக் காட்டில் தேடியெடுத்துக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வழக்கமாக நிலைத்துள்ளது.

பல்லி போன்ற உருவும் தவளை போன்ற ஈரத்தோலும் உடையவை இவ்வுயிர்கள். தென்னாட்டு மலைகளில் இவை இல்லை. பாரத நாட்டில் கிழக்கு இமயத்தும் வடகிழக்கு மலைகளிலுமே காணப்படும். டார்ஜிலிங் மலைப்புறத்தில் வாழும் இனம் மழை தொடங்கியதும் குட்டைகளை நாடி முட்டையிடும். குளிர்காலத்தில் கல்லின் கீழும் மரக்கட்டையின் கீழும் ஒடுங்கிக் கிடக்கும். முட்டையினின்று வெளிப்பட்ட குஞ்சு செவுளால் மூச்செறிந்து நீரில் வாழும். வளர்ந்தபின் செவுள் மறைய, நுரையீரலும் ஈரத்தோலும் மூச்சுக்கு வாயிலாகத் தரையேறும். எழுவகைப் பிறப்பினுள் நீர்வாழ்வன என்றும் ஊர்வன என்றும் வேறு பிரித்து எண்ணப்படும் இரண்டின் வாழ்வும் இச்சிற்றுயிர்க்கு ஓருடம்பிலேயே அமைந்துள்ளன.

இங்குச் சித்தாந்தம் கூறும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் சிந்திக்கத்தக்கன. இறைவன் உயிர்க்கு உடம்பை மட்டும் தந்து அமைந்தானல்லன். அவ்வுடம்பிற்கேற்ற கருவிகளையும், உறைதற்கேற்ற உலகையும், நுகர்தற்கேற்ற பொருளையும் ஒருங்கே தந்தான். ஈரத்தோலைத் தந்தவனே ஈரச்சருகையும் தந்தான். செவுளைத் தந்தவனே குட்டையையும் தந்தான். தொட்டியில் அடைப்பவனோ இவற்றுள் உடம்பை மட்டும் பற்றிக்கொண்டு புவனத்தைப் பறிக்கின்றான். இரை கொடுத்தேன் என்பது போகத்தில் ஒரு கூற்றைக் கொடுத்ததேயன்றிப் பறித்ததை மீட்டுக் கொடுத்ததாகாது.

அற்றேல், அவ்வுயிர் சிறைப்பட்டது அதன் வினைப்பயனன்றோ, பிடித்தவனுக்குக் குற்றம் யாது எனின், அது பொருந்தாது. சிறைத்துன்பம் அவ்வுயிர்க்கு நுகர்வினையாகலாம். அதனை விரும்பிச் செய்தவனுக்கு அச்செயல் ஏறுவினையாய் வந்து சேரும். தேர்க்காலில் பட்ட கன்றின் இறப்பை அதன் ஊழ் என்று கூறி மனுநீதிச்சோழன் அமைந்தானல்லன். கழுவாய் கூறிய அமைச்சர் சொல்லையும் ஏற்றிலன். பிறவுயிரின் ஊழைத் தன் செயலுக்கு அரணாகக் காட்டுதல் சைவநெறியன்று.

இனி, இறைவனும் உயிர்களைக் கட்டுகின்றானன்றோ, மறைத்தல் ஐந்தொழிலுள் ஒன்றன்றோ, அன்பினால் கட்டுவது குற்றமாயின் அவன் செயலும் குற்றமாகாதோ என வினவுவாரும் உளர். இதுவே இப்பொருளின் உயிர்நிலை. இறைவன் செய்யும் மறைத்தல் உயிரின் மலபரிபாகத்தின்பொருட்டு நிகழ்வது. அவனுக்கு அதனால் எய்தும் பயன் ஒன்றுமில்லை. மேலும், எவ்வுயிர்க்கு எது தேவையென முற்றும் அறிந்தே அவன் அதனைச் செய்கின்றான். மனிதனுடைய கட்டில் இவ்விரண்டும் இல்லை. தன் கண் களித்தற்கே அடைக்கின்றான். அடைக்கப்பட்ட உயிரின் தேவையையும் முற்ற அறியான். அறியாமைக்குச் சான்று அண்மையிலேயே நிகழ்ந்துள்ளது. ஆசியாவிலிருந்து வளர்ப்பு வாணிகத்தின் வழியே ஐரோப்பாவை அடைந்ததாகக் கருதப்படும் ஒரு பூஞ்சைநோய், நெதர்லாந்து நாட்டுக் காடுகளில் சாலமாண்டர்களுள் நூற்றுக்கு 90-க்கும் மேற்பட்டவற்றை அழித்தது. 2013-ஆம் ஆண்டிலேதான் அப்பூஞ்சை இன்னதெனக் கண்டு பெயரிடப்பட்டது. அதற்கு அஞ்சி 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு 201 இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. அழகுக்காக வளர்த்தோருள் இவ்வழிவை விரும்பினார் ஒருவரும் இரார். அறியாமல் செய்தமையின் அழிவு நில்லாதாயிற்று.

அடைத்து வளர்த்தலால் இனம் காக்கப்படுவதும் உண்டே எனின், உண்மையே. ஆயினும் பிரித்தறிதல் வேண்டும். மெக்சிகோ நாட்டு ஆக்சோலோட்டில் என்னும் இனம் 1864-ஆம் ஆண்டில் பாரிசு நகரை அடைந்து, அங்கே பெருகி, இன்று உலகெங்கும் தொட்டிகளில் மிகுந்துள்ளது. அதன் பிறப்பிடமான சோச்சிமில்கோ நீர்நிலையிலோ, 1998-இல் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 6,000 என மதிக்கப்பட்டது 2014-இல் 36 ஆகக் குறைந்தது. நீர் மாசுற்றதும் அயல்மீன்கள் புகுந்ததும் அதற்குக் காரணங்கள். தொட்டியிலுள்ள பெருக்கம் அந்நீர்நிலைக்கு உதவவில்லை. டார்ஜிலிங்கில் 1958-இல் தோன்றிய உயிரியற் பூங்காவில் இமயச் சாலமாண்டரைப் பேணி வளர்ப்பது வேறு. அது இனத்தின் நலம் கருதி, அறிந்தோரால், அரசின் ஒப்புதலோடு செய்யப்படுவது. யார் பொருட்டு, எத்துணை அறிவோடு என்னும் இரு வினாக்களாலேயே சிறையும் காப்பும் வேறுபடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைக் காடுகள் 2021-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. காட்டுயிரைப் பிடித்து அடைப்பதனை 1972-ஆம் ஆண்டின் சட்டமும் தடுக்கின்றது. சட்டம் கையைத் தடுக்கும். அக்கையை நீட்டுவிக்கும் விருப்பத்தை ஆராய்தல் சமயத்தின் கடன். அழகியதொன்றைக் கண்டவுடன் எனதாக்க வேண்டும் என்று எழுவது ஆணவத்தின் செயல். அன்பின் வேடம் பூண்டு வருதலின் அஃது எளிதில் அறியப்படுவதில்லை. முன்னரே பிடித்து வளர்த்தவர் இதனை உணர்ந்தவுடன், கண்ட நீரில் கொண்டுபோய் விடுதலும் தகாது. தொட்டியில் பற்றிய நோய் அதனோடு சென்று பிறவுயிர்களையும் வருத்தும். வனத்துறையாரிடம் ஒப்புவித்து, அறிந்தோர் கூறும் வழியில் நடத்தலே செய்த பிழைக்குத் தக்க தீர்வாம்.

நாகையில் வாழ்ந்த அதிபத்த நாயனார் வலையில் பட்ட மீன்களுள் ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலில் விட்டு வந்தார். வறுமையுற்று ஒரு மீனே கிடைத்த நாளிலும் அதனையே விட்டார். பொன்மீன் கிடைத்தபோதும் தமக்கெனக் கொள்ளாது விட்டார். தாம் பற்றக்கூடியதைப் பற்றாது விடுதலை அவர் வழிபாடாகக் கொண்டார். சதுரகிரி ஏறுவோர் வழியில் ஓடைக்கரையில் ஒரு சிற்றுயிரைக் காணும்போது செய்யத்தக்கதும் அதுவே. குனிந்து கண்டு, படைத்தவனை நினைந்து, அதனை அதற்குரிய ஈரத்திலேயே விட்டு மேலே நடப்பாராயின், அவர் மலைமேல் செய்யும் பூசை அவ்விடத்திலேயே தொடங்கியதாகும்.

திருச்சிற்றம்பலம்.