ஒளியின் சாட்சியமும் ஏழையின் பிணையும்

பொலிசார் ஒருவனது சட்டைப்பையிலிருந்து சிறிதளவு வெண்பொடியை எடுக்கின்றனர். அது கொக்கெயினா, வெறும் சீனித்தூளா? இவ்வினாவுக்கு விடைகாண இன்று ஒளி துணை செய்கிறது. ஒரு பொருளிற் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறிய கூறு, ஏறக்குறையக் கோடியில் ஒரு பங்கு, நிறம் மாறி வெளிவருகிறது என்பதை 1928இல் கல்கத்தாவில் சி. வி. இராமன் கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து கண்டறிந்தார். மூலக்கூறுகளின் அதிர்வுக்கேற்ப அம்மாற்றம் அமைவதால் அது பொருளுக்குப் பொருள் வேறுபடும். 1960இல் லேசர் தோன்றியபின் இச்சிற்றொளியை அளத்தல் எளிதாயிற்று. இன்று கையில் ஏந்திச் செல்லும் கருவியாகவே வந்துவிட்டது.

பொடியை உறையிலிருந்து வெளியே எடுக்கவும் வேண்டுவதில்லை. தெளிந்த பிளாஸ்ரிக் உறையினூடாகவே சோதிக்கலாம். சோதித்தபின் பொருள் அப்படியே எஞ்சுகிறது. விஞ்ஞானிகள் இதனை வசதி என்பர். நான் இதில் ஓர் அறப்பண்பையே காண்கிறேன்.

ஐக்கிய அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் நிகழ்ந்ததை நோக்குவோம். அங்கு பொலிசார், சில டொலர் விலையுள்ள இரசாயனப் பையொன்றில் பொடியை இட்டு வீதியோரத்திலேயே சோதித்து வந்தனர். நீலநிறம் தோன்றினால் கொக்கெயின் என்று கொண்டனர். அந்நீலமோ வேறு பல பொருள்களாலும் தோன்றும். இட்ட பொடியும் இரசாயனத்தோடு கலந்து போய்விடும். பிணைப்பணம் கட்ட வழியற்றோர் என் செய்வர்? ஆய்வுகூட முடிவு வருமட்டும் சிறையிற் கிடந்து வேலையையும் வீட்டையும் இழப்பதிலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு குறுகிய தண்டனையோடு வெளியேறுவதே மேல் எனத் துணிந்தனர். நெடுநாள் கழித்து ஆய்வுகூடம் சோதித்தபோது, நூற்றுக்கணக்கானோரிடம் தடைசெய்யப்பட்ட பொருள் எதுவுமே இருக்கவில்லை எனத் தெரியவந்தது. 2017இல் அந்நகரப் பொலிசார் அப்பைகளைக் கைவிட்டனர். கோவலன் வெட்டுண்ட பின்னரே சிலம்பு உடைக்கப்பட்டது என்பதைத் தமிழ் மாணவருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இராமன் கருவி இவ்வநீதியைப் போக்கிவிடுமா? நிறம் காட்டும் பையிலும் அது பன்மடங்கு நம்பத்தக்கது, ஐயமில்லை. ஆயினும் தன்னுள் சேமித்துள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டே அது பேசுகிறது. சில பொருள்கள் லேசர் பட்டதும் தாமே ஒளிர்ந்து அச்சிற்றொளியை மூழ்கடித்துவிடும். கலவையிற் சிறுபங்காயுள்ள நஞ்சு புலப்படாமலே போகலாம்.

இவற்றிலும் பெரிய குறை மனிதரிடத்தே உள்ளது. மசாசூசெற்ஸ் மாநிலத்து அரச ஆய்வுகூடத்தில் இரசாயனவியலாளர் ஒருவர், பல மாதிரிகளைச் சோதிக்காமல் கண்ணாற் பார்த்தே முடிவெழுதியமையும் சிலவற்றிற் கலப்புச் செய்தமையும் 2012இல் அம்பலமாயின. 2017இல் 21,000க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடியாயின. அந்த ஆய்வுகூடத்திற் கருவிகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. அவர் எழுதிய தாளை மறுத்துக் கேட்கும் வலிமைதான் குற்றம் சாட்டப்பட்டோருக்கு இருக்கவில்லை.

பொருள் அழியாது எஞ்சுவதன் பயன் இங்குதான் விளங்குகிறது. எஞ்சிய பொருளை எதிர்த்தரப்பு மீண்டும் சோதிக்கலாம். ஆனால் எந்த எதிர்த்தரப்பு? பணம் படைத்தவன் சட்டத்தரணியையும் நிபுணரையும் அமர்த்திக்கொள்வான். நாட்கூலிக்காரனுக்கோ அந்த எஞ்சிய பொடியாற் பயனேதுமில்லை. அவனுக்காக அரசு தன் செலவில், வேறோர் ஆய்வுகூடத்தில் மறுசோதனை நடத்தவேண்டும். அம்முடிவு வரும்வரை அவனைப் பிணைப்பணமின்றி வீட்டுக்கு அனுப்பவேண்டும். அதற்கு முன் அவன் தரும் குற்ற ஒப்புதலை நீதிமன்று ஏற்கலாகாது. இதற்குப் பணமில்லை என்னும் அரசுகள், குற்றமற்றவனைச் சிறையில் வைத்திருக்கும் செலவை எந்தக் கணக்கில் எழுதுகின்றன?