சுவடும் அறிவும்

அனுமானத்தை விளக்க முற்படும் அளவை நூலார் புகையையும் நெருப்பையும் காட்டுவது மரபு. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறங்கேட்ட காதையிலோ காடு வருகின்றது. காட்டினுள் யானையின் ஒலியைக் கேட்டவன் அங்கு யானை உண்டென உணர்தலை அனுமானத்தின் ஒரு வகையாக அளவைவாதி கூறுகின்றான். நாம் பரீட்சைக்காகப் படிக்கும் இவ்வளவையைக் கொண்டே உண்டு வாழ்ந்தோர் நம் நாட்டில் இருந்தனர். அவர்தம் அறிவுக்கு யாது நேர்ந்தது என்பது அறவியல் வினாவுமாகும்.

நகம் பதியாத வட்டச் சுவடு சிறுத்தையினது. ஐந்து விரல்களும் நீண்ட நகங்களும் பதிந்தது கரடியினது. யானையின் முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை இரட்டித்தால் அதன் தோளுயரம் ஏறத்தாழக் கிட்டும். இவை எவர்க்கும் கற்பிக்கத்தக்கவை. சுவடு எப்பொழுது பதிந்தது என்று துணிவதே அரிது. விளிம்பு உலர்ந்துள்ளதா, மழைத்துளி சுவட்டின்மேல் விழுந்ததா, அன்றித் துளி விழுந்த மண்ணிற் சுவடு பதிந்ததா, இரவில் ஊரும் பூச்சி அதனைக் கடந்துள்ளதா என்றெல்லாம் நோக்க வேண்டும். பாறையிற் சுவடு மறைந்துவிடின், மரை எந்த நீர்நிலையை நாடியிருக்கும் என ஊகித்து அங்கு சென்று பார்க்க வேண்டும். ஊகம் பொய்ப்பின் மீண்டு வந்து வேறொன்றை ஊகிக்க வேண்டும். கலகாரி வேட்டுவரிடையே இதனை ஆராய்ந்த லூயி லீபன்பேர்க், விஞ்ஞானத்தின் தோற்றுவாயே இதுதான் என 1990இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அம்முடிபு சற்று மிகையெனத் தோன்றினும், எழுத்தறியாதவன் கருதுகோள் அமைக்கமாட்டான் என்னும் நமது இறுமாப்பை அது தகர்க்கின்றது.

ஆயின் இவ்வறிவு கொலையை நோக்கியது. கொலைக்குப் பயன்படும் அறிவைக் காப்பது அறமாகுமா? 1983இல் மதுறு ஓயா தேசிய பூங்கா அமைக்கப்பட்டபோது, அங்கு வேட்டையாடி வாழ்ந்த வேடர் குடும்பங்கள் பல குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. முதியவர் திசாஹாமியும் சிலரும் தம்பானையை விட்டு நீங்க மறுத்தனர். விலங்கின் உயிரைக் காத்த சட்டத்தைப் பழிப்பதற்கில்லை. மரையின் துன்பம் வேட்டுவனின் மரபை நோக்கிக் குறைந்துவிடுவதன்று. எனினும் இவ்வறிவு ஏட்டில் எழுதிக் காக்கப்படும் இயல்பினதன்று. செலிக்மன் தம்பதியர் 1911இல் வேடரைப் பற்றி வெளியிட்ட பெருநூலைக் கற்றவன் அவர்தம் வழக்கங்களை அறிவான். சுவடு பார்க்க அறியான். பிழைத்தாற் பசி என்ற நிலையே இவ்வறிவின் ஆசிரியன்.

கொல்லுதல் வேறு, தொடர்தல் வேறு. ஆதலின் அவர்களையே வனக்காவலர் ஆக்கியிருக்கலாம் என்பது என் கருத்து. சிறுத்தையைக் கொல்லவும் எண்ணவும் வேண்டுவது அதே கண்தானே. இவ்வழியும் இடர் அற்றதன்று. காவலனாக அமர்ந்தவன் பூங்காவில் முதலிற் காண நேரும் சுவடு, இரவில் வேட்டைக்கு வந்துபோன அவன் மைத்துனனுடையதாகவும் இருக்கலாம்.