ஷிப்ட் நட்புக்கு ஒரு புத்தகம்

ஓசூரில் யாருக்கு யார் நண்பர் என்பதைப் பெரும்பாலும் ஷிப்ட்தான் தீர்மானிக்கிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை தொடங்கியது. அதே சமயத்தில் டிவிஎஸ் மொபெட் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. சில வருடங்களில் டைட்டன் கடிகாரமும் வந்து சேர்ந்தது. அன்றுமுதல் இந்த ஊர் வெளியூர்க்காரர்களின் ஊர். ஐடிஐ முடித்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தென்மாவட்டங்களிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் வந்த தலைமுறை ஒன்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வருகிற தலைமுறை ஒன்று. எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளை நம்பி விடுதிகளில் தங்கும் இளம்பெண்கள் இப்போது. இவர்களுக்கு நட்பு என்பது ஒரே லைனில் நின்றது, ஒரே அறையின் வாடகையைப் பங்கிட்டது, கம்பெனி பஸ்ஸில் இடம் போட்டு வைத்தது. காண்ட்ராக்ட் முடிந்தால் ஒருவர் கோயம்புத்தூர் போகிறார், ஒருவர் ஸ்ரீபெரும்புதூர், ஒருவர் ஊருக்கே திரும்பிவிடுகிறார். பத்து வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தால், “டேய், அந்த சூப்பர்வைசர் ஞாபகம் இருக்கா?” என்று பேச்சு தொடங்கும். கேன்டீன் சாப்பாடு, கெலவரப்பள்ளி அணையில் குளித்த ஞாயிறு, மலைக்கோயில் தேர், அறையில் நடந்த ஒரு சண்டை. அரை மணி நேரம் வயிறு வலிக்கச் சிரிப்பு. அதன்பின் ஒரு மௌனம். கை மெல்ல போனைத் தேடும்.

அந்த மௌனத்துக்குக் காரணம் அன்பு குறைந்ததில்லை. சேர்ந்து பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதுதான். நண்பர்களோடு கழித்த பொழுதுகளை நினைத்துப் பார்ப்பது வாழ்க்கையின் பெரிய இன்பங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இன்பம் தானாக நிலைப்பதில்லை. ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிப் படித்த பழக்கம் உள்ள நண்பர்களுக்கு நினைவு வளர்ந்துகொண்டே போகிறது. அது இல்லாதவர்களுக்கு நினைவு நாளடைவில் நடுகல்லாக நின்றுவிடுகிறது. வேலைக்காகச் சேர்ந்து வேலைக்காகப் பிரிகிற ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற ஊர்களில் வாசிப்பைப் பகிர்வது இதனாலேயே மிக அவசியமாகிறது என்று நினைக்கிறேன்.

நினைவு நாம் பூட்டி வைக்கும் பெட்டி அல்ல என்பதை கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூல் காட்டியது. அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைச் சிலரிடம் படிக்கக் கொடுத்து, சில மணி நேரம், சில வாரம், சில மாதம் என்று இடைவெளிவிட்டு மறுபடி மறுபடி எழுதச் சொன்னார். கதை ஒவ்வொரு முறையும் சுருங்கியது. புரியாத பகுதிகள் உதிர்ந்தன. அவர்களுக்குப் பழக்கமில்லாத மரத்தோணி, தெரிந்த சாதாரணப் படகாக மாறியது. எழுதியவருக்கு எது பழக்கமோ அந்த வடிவத்துக்குக் கதை வந்து சேர்ந்தது. ‘ஞாபகம் இருக்கா’ பேச்சிலும் இதுதான் நடக்கிறது. பத்து முறை சொன்ன சம்பவம் வழுவழுப்பாகிவிடுகிறது. அதில் நண்பனின் முகம் மங்கி, சம்பவத்தின் சிரிப்பு மட்டும் மிஞ்சுகிறது. புத்தகம் அப்படித் தேய்வதில்லை. இருபத்திரண்டு வயதில் இருவர் ஒரு நாவலைப் படித்து ஒருவர் கொண்டாடினார், ஒருவர் தூக்கிப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதில் அதே நாவலைத் திறந்தால் வரி மாறியிருக்காது, இருவரும் மாறியிருப்பார்கள். யார் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறோம் என்று பார்க்க மைல்கல்போல ஒன்று நடுவில் இருக்கிறது. வள்ளுவர் நட்பு அதிகாரத்தில் பண்புள்ளவர்களின் தொடர்புக்கு நூலின் நயத்தை உவமையாக்குகிறார். படிக்கப் படிக்கப் புதிதாக இன்பம் தருவதைத்தான் அவர் ஒப்பிட்டார், படித்து முடித்ததை நினைத்துக்கொள்வதை அல்ல. அந்தக் குறளைப் பள்ளியில் ஒப்பித்த நாம் இந்த நுணுக்கத்தைப் பெரும்பாலும் தவறவிட்டோம்.

நடுகல் என்று சொன்னது வெறும் அணிக்காக அல்ல. இது பழைய தகடூர் நாட்டு மண். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாக நடுகற்கள் நிற்பதைப் பார்க்கலாம், வயலோரங்களிலும் நிற்கின்றன. ஒரு காலத்தில் கல்லில் நிற்கும் வீரனின் கதையைச் சொல்ல ஊரே இருந்தது. இன்று பலவற்றில் கையில் வாள் ஏந்திய உருவம் மட்டும் தெரிகிறது, ஆளைத் தெரியவில்லை. இதே நாட்டை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் நடுகல் நட்டார்கள் என்பது ஔவையின் புறநானூற்றுப் பாடல் வழியே நமக்குத் தெரிகிறது. அந்தக் கல்லை நாம் பார்த்ததில்லை. பாட்டை இன்னும் வாசிக்கிறோம். ஒரு கவிஞர் தன் நண்பனைப் பற்றி என்ன உணர்ந்தார், அவனோடு எப்படிச் சாப்பிட்டார், அவன் போனபின் எது கசந்தது என்று 2,000 ஆண்டுக்குப் பிறகும் நம்மால் பேச முடிகிறது என்றால், அந்த நட்பு சொல்லுக்குள் போய்ச் சேர்ந்ததால்தான்.

நம் காலத்துக்கு நெருக்கமான சாட்சி கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல். ஒரே கிராமத்தில் ஒரே காலத்தில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இளமையிலேயே பாட்டும் படிப்புமாகத் திரிந்தவர்கள். ரசிகமணி டி.கே.சி.யின் ரசனை வட்டத்துக்குள்ளும் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு பிழைப்பு பிரித்தது. அழகிரிசாமி சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போனார். 1950களில் மலேயாவுக்குப் போய்த் ‘தமிழ் நேச’னில் வேலை பார்த்தார். கி.ரா. கரிசல் காட்டிலேயே விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓசூர் அறைத் தோழர்களுக்கு நேர்வது இதுவேதான். பஸ்ஸுக்குப் பதில் கப்பல், அவ்வளவுதான் வித்தியாசம். இடையில் கடிதங்கள் போய்வந்தன. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அவற்றில் வீட்டு விசேஷம் இருக்கிறது, உடம்பு சுகம் இருக்கிறது, கூடவே எப்போதும் சங்கீதமும் இலக்கியமும் இருக்கின்றன. அழகிரிசாமி 1970இல் காலமானார். கி.ரா. 2021 வரை, ஏறத்தாழ 50 ஆண்டுகள் அவருக்குப் பின் வாழ்ந்தார். அந்த நண்பரைப் பற்றி எழுதியும் பேசியும் அவருக்கு அலுக்கவில்லை. முறையான பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு விவசாயி தமிழின் பெரிய எழுத்தாளராக ஆனதில் இந்த நட்புக்குப் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். ஒருவருடைய ரசனையைத் தனிச்சொத்துபோலப் பேசுகிறோம். உண்மையில் ‘இதைப் படிச்சிப் பாரேன்’ என்று யாரோ நீட்டிய புத்தகங்கள் நமக்குள் படிந்த வண்டல்தான் அது.

ரசனை ஒத்துப்போனால்தானே இதெல்லாம் நடக்கும் என்று கேட்கலாம். ஒத்துப்போக வேண்டியதில்லை. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியும் டி.கே.சி.யும் நல்ல நண்பர்கள். இருவருக்கும் பாலமாகக் கல்கி இருந்தார். டி.கே.சி.க்குக் கம்பன் என்றால் உயிர். எந்தப் பாட்டு கம்பனுடையது, எது இடைச்செருகல் என்று தன் ரசனையையே உரைகல்லாக வைத்துக் கழித்துக் கட்டியவர். புலவர்கள் அதற்காக அவரோடு மல்லுக்கட்டினார்கள். ராஜாஜி ராமாயணத்தைச் சொல்ல உட்கார்ந்தபோது பெரிதும் வால்மீகி வழியில் போனார். ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்று வந்த அந்த நூலுக்கு 1958இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஒரே கதை, வேறு வேறு வாசல். வாசல் வேறாக இருந்ததால்தான் பேச்சு ஓயவில்லை. இதே ஓசூரில் இன்றைக்கு எழுத்தாளர்கள் ஆதவன் தீட்சண்யா இருக்கிறார், பா. வெங்கடேசன் இருக்கிறார். முன்னவருடையது சாதியை நேருக்கு நேர் நின்று குத்தும் எழுத்து. பின்னவருடையது கதைக்குள் கதையாகப் பக்கம் பக்கமாகச் சுழலும் ‘தாண்டவராயன் கதை’. ஓர் அறையில் இருக்கும் இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அந்த அறையில் ஒரு வருடத்துக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

எல்லை ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. பாகலூரைத் தாண்டி வடக்கே போனால் கர்நாடகத்தின் மாலூர் தாலுகா. அங்கே பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் பேசியது தமிழ், எழுதியது கன்னடம். 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் அவருக்கு. தார்வாரில் 1920களில் ‘கெளெயர கும்பு’ என்று, அதாவது நண்பர் கூட்டம் என்றே பெயர் வைத்து ஓர் இலக்கிய வட்டத்தைக் கூட்டிய த.ரா. பேந்த்ரேயின் வீட்டு மொழி மராத்தி. கன்னடத்தின் இரண்டு பெரும் எழுத்தாளர்கள் வேறு மொழி வீட்டுப் பிள்ளைகள் என்பதை ஓசூர் வாசி வியக்க மாட்டார். இங்கே தெருவுக்குத் தெரு தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்துதான் ஒலிக்கின்றன. தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே கன்னட எழுத்தாளர் பைரப்பாவின் ‘பருவ’த்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார் பாவண்ணன். பக்கத்து மெஷினில் நிற்கும் கன்னட நண்பரிடம் உங்கள் மொழியில் நான் எதைப் படிக்க வேண்டும் என்று கேட்பது, உன்னை முழுதாக அறிய விரும்புகிறேன் என்று சொல்வதுதான். காவிரித் தகராறு சூடாகும் நாட்களில் அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியில் பஸ்கள் நின்றுவிடும். அந்த நாட்களில் இந்தக் கேள்விக்கு உள்ள மதிப்பு இன்னும் கூடுதல்.

வலுவான மறுப்பு இனிமேல்தான். எட்டு மணி நேரம் லைனில் நின்று, ஓவர்டைமும் பார்த்து, நைட் ஷிப்ட் முடிந்து வந்து விழுபவரிடம் போய்ப் புத்தகம் என்பதா? இது நியாயமான கேள்வி. ஹவானாவில் 1865இல் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வாசிப்பாளர் முறை தொடங்கியது. தொழிலாளர்களே காசு போட்டு ஒருவரை அமர்த்தி, சுருட்டு உருட்டிக்கொண்டே நாளிதழும் நாவலும் கேட்டார்கள். கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு அவருடைய பங்குப் பீடியைத் தாங்கள் சுற்றிக் கொடுத்தார்கள். உழைப்பவருக்கு வாசிப்பு ஏறாது என்பது பொய் என்று காட்ட இவை போதும். ஆனால் சுருட்டும் பீடியும் சத்தமில்லாத கைவேலை. காதடைப்பு மாட்டிக்கொண்டு பிரஸ் ஷாப்பில் நிற்பவருக்கு யார் வாசித்துக் காட்டுவது? ஆகவே அந்த உதாரணத்தை அப்படியே இங்கே நட முடியாது. இங்கே இடம் வேறு: கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே ஓடும் கம்பெனி பஸ்ஸின் ஒரு மணி நேரம், வார விடுமுறையின் மதியம், டீக்கடை பெஞ்ச். எல்லோரும் படிக்க வேண்டியதும் இல்லை. ஒருவர் படித்துவிட்டுக் கதையைச் சொன்னால் போதும். ஒடிசாவிலிருந்து வந்தவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை அரைகுறை இந்தியில் சொன்னாலும், பரிசு தன் கைக்கு வராமல் போன அந்தச் சிறுவனின் வலி அவருக்குப் புரியும். பதிலுக்கு அவர் ஒரு கதை சொல்வார். நேரம் இல்லை என்பதைவிட, தொழிலாளியோடு புத்தகத்தைப் பற்றிப் பேசலாம் என்று யாரும் நினைக்காததுதான் பெரிய தடை. கூலியும் ஓய்வும் கூட வேண்டும் என்ற கோரிக்கையோடு சேர்ந்து நிற்க வேண்டிய விஷயம் இது, அதற்கு மாற்றாக அல்ல.

படிக்காத நண்பர்களின் நட்பு குறைந்ததா என்றும் கேட்பார்கள். இல்லை. கேரம் போர்டும் கபடியும் பஸ்ஸில் ஒலிக்கும் இளையராஜா பாட்டும்கூட இருவருக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து வைக்கின்றன. அவற்றுக்கும் என் வாதம் பொருந்தும். பாட்டில் இருவரும் ஒன்றாகக் கரைந்துவிடுகிறோம். புத்தகத்தில் நீ எங்கே நின்றாய், நான் எங்கே நின்றேன் என்று பேசியாக வேண்டியிருக்கிறது. அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் ஆயுள். வாட்ஸ்அப்பில் பகிர்கிறோமே என்பார்கள். இருநூறு பேருக்கு ஒரே தட்டலில் போவதில் யாருடைய முகமும் இல்லை. ‘இது உனக்குப் பிடிக்கும்’ என்று ஒருவரிடம் ஒரு புத்தகத்தைக் கொடுக்க, முதலில் அந்த ஒருவரை நினைத்திருக்க வேண்டும்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோந்தேன் நட்பைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பல தலைமுறைகளாக உலகம் படிக்கிறது. அவருடைய நண்பர் லா பொயெத்தி 1563இல் இளம் வயதில் இறந்தபோது தன் புத்தகங்களை மோந்தேனுக்கு விட்டுச்சென்றார். அந்த நூல்கள் இருந்த அறையில்தான் மோந்தேன் பின்னால் உட்கார்ந்து எழுதினார். சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில் ஒருவர் காலி செய்யும்போது கேஸ் அடுப்பு, பாய், மின்விசிறி எல்லாம் பஸ் ஏறிவிடும். பெட்டியில் இடமில்லாத புத்தகங்கள் மட்டும் பரணில் கிடக்கும். முதல் பக்கத்தில் ஒரு பெயர், ஒரு தேதி, சில ஓரங்களில் பென்சில் கோடு. அறையில் மிஞ்சிய தோழர் அதை எடுத்துப் புரட்டி, கோடு போட்ட அந்த இடத்தில் ஏன் கோடு போட்டாய் என்று போனில் கேட்டால், அன்றைக்கு இருவருக்கும் புதிதாகப் பேச ஒன்று இருக்கிறது.