பார்க்க மட்டும் அனுமதி

ஸ்டார் ட்ரெக் பார்த்தவர்களுக்கு 'பிரைம் டைரக்டிவ்' தெரிந்திருக்கும். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகும் அளவுக்கு வளராத ஒரு சமூகத்தின் வாழ்க்கையில் தலையிடக் கூடாது என்ற விதி. கீழே போரோ பஞ்சமோ, மேலே இருந்து பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. 1967 பிப்ரவரியில் வந்த ஒரு எபிசோடில்தான் இது முதலில் பேசப்படுகிறது. வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லிக்கொண்டு பலசாலி இன்னொருவன் வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கர்கள் டிவியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இந்த விதி பிடிக்கும். ஆனால் யோசிக்க யோசிக்க, இதற்குள் இரண்டு விதிகள் ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது. ஒன்று, 'என் பலத்தை நானே நம்பவில்லை' என்கிறது. மற்றது, 'அவங்க கஷ்டம் அவங்க பாடு' என்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுமே கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். அதனால்தான் ஒன்றின் மரியாதையை மற்றது சுலபமாக எடுத்துக்கொள்கிறது.

முதல் விதிக்கு நிஜ உலகிலேயே உதாரணம் உண்டு. சனிக் கோளை 13 வருடங்கள் சுற்றிய காசினி விண்கலத்தில் எரிபொருள் தீரப்போனது. அதை அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் என்செலடஸ் அல்லது டைட்டன் மீது மோதியிருக்கலாம். என்செலடஸின் பனிக்கு அடியில் கடல் இருக்கிறது. அங்கே உயிர் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. இருந்தால், கலத்தில் ஒட்டிக்கொண்டு போன பூமியின் நுண்ணுயிர்கள் அதைக் கெடுத்துவிடக் கூடாது. 2017 செப்டம்பர் 15 அன்று காசினியைச் சனியின் வளிமண்டலத்துக்குள் செலுத்தி எரித்தார்கள். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத உயிருக்காக நாம் ஒதுங்கிக்கொண்டோம். இங்கே விதியின் விலையைக் கொடுத்தது நாம்.

இரண்டாவது விதியில் விலையைக் கொடுப்பது எதிர்த்தரப்பு. 1994இல் வந்த 'ஹோம்வர்ட்' எபிசோடில் போரால் என்ற கிரகத்தின் வளிமண்டலம் கலைந்துபோகிறது. எண்டர்பிரைஸ் கலத்தில் இருப்பவர்கள் அதைத் திரையில் பார்த்தபடி மௌனமாக நிற்கிறார்கள். விதி காப்பாற்றப்பட்டது, மக்கள் காப்பாற்றப்படவில்லை. அந்தச் சமூகம் தன் பாதையில் வளரட்டும் என்பதற்காகத்தானே விதி? சமூகமே செத்துப்போன பிறகு எந்தப் பாதை, என்ன வளர்ச்சி?

சரி, காப்பாற்றினால் எல்லாம் சுபமா? அதுவும் இல்லை. அதே கதையில் நிகோலாய் என்பவர் ஒரு கிராமத்தை மட்டும் ரகசியமாகக் கலத்துக்குள் கொண்டுவருகிறார். தங்கள் உலகத்திலேயே இருப்பதாக அவர்களை நம்பவைக்கிறார். வோரின் என்ற இளைஞன் தற்செயலாக உண்மையைத் தெரிந்துகொள்கிறான். தன் மக்களிடம் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் வாழவும் முடியாமல், உயிரை மாய்த்துக்கொள்கிறான். உதவியும் ஆளை உடைக்கும். தலையிடு என்று கத்துகிறவர்கள் வோரினுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? 1989இன் 'பென் பால்ஸ்' எபிசோடில் ஒரு வழி தெரிகிறது. அழிந்துகொண்டிருக்கும் கிரகத்திலிருந்து ஒரு சிறுமியின் குரல் வானொலி வழியே டேட்டாவுக்கு வருகிறது. அதிகாரிகள் உட்கார்ந்து நீளமாக விவாதிக்கிறார்கள். தொடர்பைத் துண்டிக்கச் சொல்கிறார் கேப்டன் பிகார்ட். துண்டிக்கப் போகும் நேரத்தில் அவள் குரல் அறைக்குள் கேட்கிறது. பிகார்டால் அதற்கு மேல் முடியவில்லை. இது உதவிக்கான அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறார். அதுவரை ஒரு கோட்பாடாக இருந்த விஷயம், அவள் பேசியதும் ஓர் ஆளாகிவிடுகிறது.

என் தொழிலில் 'ரீட் ஒன்லி' என்று ஒரு அனுமதி உண்டு. பார்க்கலாம், மாற்ற முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் டேட்டாபேஸ் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கும்போது 'எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி' என்று ஒருவர் சும்மா இருந்தால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். குறைந்தது ஒரு குரலாவது கொடுத்திருக்க வேண்டும். பார்த்தவருக்குப் பார்த்ததில் ஒரு பங்கு உண்டு.

கேட்பது இரண்டு பக்கமும் வெட்டும். 'வா' என்பதைக் கேட்பவர் 'போ' என்பதையும் கேட்க வேண்டும். 1880இல் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்தமானின் வடக்கு சென்டினல் தீவிலிருந்து ஆறு பேரைப் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். பெரியவர்கள் இருவர் நோயில் இறந்தார்கள். நான்கு குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திருப்பி அனுப்பினார். அந்தத் தீவில் இன்று வெளியாட்கள் இறங்கத் தடை இருக்கிறது. அந்தத் தடையை 'பழங்குடி பழங்குடியாகவே இருக்கட்டும்' என்று புரிந்துகொண்டால் அது இரண்டாவது விதி. போர்ட்மன் நினைவிருப்பதால் நம்மை நாம் கட்டிப்போடுகிறோம் என்றால் அது முதல் விதி.

2004 சுனாமிக்குச் சில நாட்கள் கழித்து, அங்கே யாராவது பிழைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு ஹெலிகாப்டர் போனது. கரையிலிருந்து ஒருவர் அதை நோக்கி அம்பைக் குறிவைத்தார். அந்தப் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொதுவாக அந்த அம்பைப் பற்றித்தான் பேசுகிறோம். எனக்கு அந்த ஹெலிகாப்டரும் முக்கியம். தலையிடக் கூடாது என்ற கொள்கை இருந்தும் அது போனது. பதில் கிடைத்ததும் திரும்பி வந்தது.