அமைதியை நாடிச் செல்லும் கடமை

அமைதியை விரும்பாதவர் எவருமிலர். வழக்காடுவோரும் அமைதிக்காகவே வழக்காடுகிறோம் என்பர். போர் தொடுப்போரும் அவ்வாறே கூறுவர். ஆனால் அமைதியை விரும்புதல் வேறு, அதனை நாடிப் புறப்படுதல் வேறு. முன்னது இயல்பு, பின்னது கடமை. அக்கடமையின் எல்லை யாது? பிறர் வாசலை நோக்கி ஒருவன் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? எந்த இடத்தில் அமைதி கோழைமையாகத் திரிகிறது? இவற்றை இங்கே சிறிது சிந்திப்போம்.

கிறித்தவ மறை இக்கடமையை அறிவுரையாகச் சொல்லவில்லை, கட்டளையாகவே விதிக்கிறது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரம், எல்லாரோடும் சமாதானத்தை நாட வேண்டும் என்கிறது. அவ்விடத்துக் கிரேக்க மூலச்சொல், விடாது பின்தொடர்ந்து துரத்துதலைக் குறிப்பது. புதிய ஏற்பாட்டில் துன்புறுத்துதலைக் குறிக்கவும் அதே சொல்தான் ஆளப்படுகிறது. ஊர் ஊராகச் சென்று அடியாரைத் துரத்திய சவுல், பின்னாளில் பவுலாகி ஊர் ஊராகச் சென்று சமாதானம் கூறினார் என்பதை எண்ணினால் இதன் நயம் புலப்படும். பகைமையில் நாம் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கேனும் அமைதியில் காட்டுகிறோமா என்பதே அச்சொல் நம்மிடம் கேட்கும் கேள்வி.

மலைப்பிரசங்கத்தில் இயேசுபெருமான் கூறியது இன்னும் கூர்மையானது. பலிபீடத்தருகே காணிக்கையோடு நிற்பவன், தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டு என நினைவு கூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும். இங்கே குற்றம் யார் மீது என்று கேட்கப்படவில்லை. நமக்கு அவன்மீது குறை இருந்தால் என்றும் சொல்லப்படவில்லை. அவனுக்கு நம்மீது குறை இருப்பதே நாம் புறப்படுவதற்குப் போதுமான காரணமாகிறது. திருவள்ளுவரும் இன்னாசெய்யாமை அதிகாரத்தில், தீங்கிழைத்தவன் நாணும்படி நன்மை செய்துவிடும் வழியைக் காட்டுகிறார். இருவர் காட்டும் பாதையிலும் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர் நாமே.

எனினும், உரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுலடிகள் இரு வரம்புகளை வைத்தார். கூடுமானால் என்பது ஒன்று. உங்களால் ஆனமட்டும் என்பது மற்றொன்று. எதிராளியின் மனம் நம் கையில் இல்லை என்பதை அறிந்த அறிவு இது. ஆயினும் இவ்விரு வரம்புகளே நமக்குத் தப்பிச் செல்லும் வாயில்களாகிவிட்டன. அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்கு மறுமொழி வராவிடில் நினைவூட்டல் அனுப்புகிறோம். இரண்டாம் நினைவூட்டலும் அனுப்புகிறோம். உறவில் மட்டும் ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டு, எதிர்த்தரப்பு இணங்கவில்லை எனக் குறிப்பெழுதிக் கோப்பை மூடிவிடுகிறோம். ‘ஆனமட்டும்’ என்பது இவ்வளவுதானோ?

இனி மறுபக்கத்தையும் காண வேண்டும். அமைதி என்ற பெயரால் அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதும் உலக வழக்கமே. நம் தென்திருவிதாங்கூர் மண்ணில், நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்கு எதிராக 1829இல் அரச ஆணை பிறந்தது. வழக்கத்தை மீறினால் அமைதி கெடும் என்பதே அன்று ஆதிக்கத்தில் இருந்தோர் வாதம். பல ஆண்டுகளாக நடந்த அப்போராட்டத்துக்கு 1859இல் வந்த அறிவிப்பும் முழுத் தீர்வு தரவில்லை. உயர்குலப் பெண்டிரைப்போல் உடுத்தலாகாது என்ற தடை அதிலும் நீடித்தது. அன்று வாய்மூடி இருந்திருந்தால் அது அமைதியாகுமா? ஆகாது. ஒருவன் காலடியில் இன்னொருவன் அசையாதிருப்பதற்கு அமைதி என்று பெயரில்லை. நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சேர்ந்த அருவிப்புறத்தில் 1888இல் சிவனைப் பிரதிட்டை செய்த நாராயண குரு, சாதிபேதமும் மதப்பகையுமின்றி எல்லாரும் உடன்பிறந்தார்போல் வாழும் இடமாக அதனைக் கண்டார். சமத்துவம் என்ற அடித்தளமின்றிச் சகோதரத்துவம் என்ற கூரை நிற்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே நீதியைக் கேட்பது அமைதிக்குப் பகையன்று. கேட்கும் முறையில்தான் சோதனை இருக்கிறது. நம் கோட்டுகாலை அடுத்த விழிஞத்தில் 2022ஆம் ஆண்டு துறைமுகக் கட்டுமானத்தை எதிர்த்து மீனவ மக்கள் போராடினர். கடலரிப்பில் வீடிழந்தோரின் துயரம் மெய்யானது. வளர்ச்சி வேண்டும் என்றோரின் எண்ணமும் பொய்யன்று. நவம்பர் இறுதியில் மோதல் மூண்டு, காவல் நிலையம் தாக்கப்பட்டபோது, கேட்ட நீதியின் குரல் கற்களின் ஓசையில் அமிழ்ந்து போயிற்று. டிசம்பர் 6ஆம் நாள் பேச்சுவார்த்தையின் பின்னரே போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2025 மே மாதத்தில் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் கடைத்தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் துணிவை எந்த ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. அது மனிதர் தாமே நடந்து சென்று பெற வேண்டியது.

அவ்வாறு நடந்து சென்ற ஒருவரை நாம் அறிவோம். 1982 மார்ச்சில் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில், பகவதியம்மன் கோயில் மாசிக்கொடை நாள்களில், இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. பகை பல ஊர்களுக்குப் பரவிற்று. நீதியரசர் வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையம் நடந்ததை ஆராயலாம். நெஞ்சுகளை இணைப்பது அதன் வேலையன்று. அவ்வேலைக்கு வந்தவர் குன்றக்குடி அடிகளார். சைவ ஆதீனத்தின் தலைவர், காவி உடுத்தவர், பாண்டி நாட்டிலிருந்து இக்கடற்கரைக்கு வந்தவர். இரு சாராரையும் நேரில் கண்டு பேசி இணக்கம் காண உழைத்தார். சமாதானம் பண்ணுகிறவர்களுக்கு மலைப்பிரசங்கம் கூறும் பேறு, அன்று திருநீறணிந்த ஒருவருக்கு உரியதாயிற்று. கிறித்தவராகிய நாம் இதனை நாணத்தோடும் நன்றியோடும் நினைக்கக் கடவோம். வழிப்போக்கனுக்கு இரங்கிய சமாரியன் வேறு மரபினன்தானே!

ஊர்ப் பகையைப் பேசுவது எளிது. வீட்டுப் பகையைப் பேசுவதே கடினம். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இரு மாநிலங்களுக்கிடையே எல்லை வகுத்தாயிற்று. நம் புரையிடத்துக்கும் சித்தப்பாவின் புரையிடத்துக்கும் இடையே மட்டும் எல்லை தீரவில்லை. கையாலை இடிந்து மழையில் கரைந்தபோது, எல்லையில் நின்ற அயனி மரம் யாருக்கு என்ற பேச்சு எழுந்தது. அரை சென்ட் மண்ணும் தேறாத அந்த வழக்கு பதினொரு ஆண்டு நீண்டது. தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது. மரம் நமதாயிற்று, சித்தப்பா நமக்கு இல்லாமற்போனார். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோதெல்லாம் ஒரே ஆலயத்தில், ஒரே திருவிருந்தில், முன்னும் பின்னுமாக முழந்தாளிட்டோம், கண்கள் சந்திக்கவில்லை. நீதி நம் பக்கம் என்ற எண்ணம் நம்மைத் தேற்றியது. அந்தத் தேறுதலே நம்மைத் தடுக்கும் கல் என்பதை உணர வெகுகாலம் பிடித்தது.

சென்ற ஓணவிடுமுறையில் ஒருநாள் மாலை, சொல்ல வேண்டியதை மனத்தில் பலமுறை எழுதியும் அழித்தும், அந்த வாசலில் போய் நின்றோம். சொற்கள் எவையும் வேண்டியிருக்கவில்லை. திண்ணையிலிருந்த முதியவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, “வா மக்களே, இரி” என்றார். கருப்பட்டிக் காப்பி வந்தது. மரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம். அவருடைய மக்களில் ஒருவர் உள்ளேயே இருந்துவிட்டார். அவ்வாசலுக்கு இன்னும் பலமுறை நடக்க வேண்டியிருக்கிறது.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாம், தொலைவைக் காட்டியே பல பகைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறோம். உரிமையை விட்டுக்கொடுப்பது எப்போதும் அறமாகாது. உரிமை வென்ற பின்னும் உறவைத் தேடாதிருப்பது ஒருபோதும் அறமாகாது. அநீதியோடு சமாதானம் கூடாது. அநீதி செய்தவனோடு சமாதானத்தைத் தேடாமலிருக்கவும் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே செல்லும் வழி ஒற்றையடிப் பாதைதான். ஆயினும் அது நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது. அடுத்தமுறை ஊருக்குச் செல்லும்போது, எந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போகிறோமோ, அந்த வாசலுக்கே முதலில் செல்வோமாக.