நாமமும் சாட்சியமும்

ஒரு மகானைப் பல நாமங்களால் துதிப்பதைப் பக்தி என்றும் குறையாகக் கருதியதில்லை. ஆனால் திருச்சபையின் கலைச்செல்வங்களை அட்டவணைப்படுத்த முற்படுகிறவனுக்கோ அந்தப் பன்மையே முதல் சங்கடமாக வந்து நிற்கிறது. மயிலாப்பூர்க் கடலோரத்துச் சாந்தோம் பேராலயத்தில் கல்லறை கொண்டவர் என்று போற்றப்படும் அப்போஸ்தலரைத் தமிழ்க் கத்தோலிக்கர் தோமையார் என்பர்; சிரியக் கிறிஸ்தவர் மார்த்தோமா என்பர்; போர்த்துகேசிய ஆவணங்கள் சாந்தொமே என்று எழுதும். இப்பெயர்கள் பதிவேட்டில் வெவ்வேறு மனிதர்களாக நின்றுவிட்டால், ஒரு பெயரால் சொரூபத்தைத் தேடி எடுத்தவனுக்கு இன்னொரு பெயரில் எழுதப்பட்ட கல்லறை அகப்படாது. ஆகவே ஒரு பெயரை நிலைப்பெயராக நியமித்து, ஏனையவற்றை அதனோடு பிணைத்து வைக்கும் ஆதாரப் பதிவு அவசியமாகிறது. 1999 டிசம்பர் 8ஆம் நாள் வத்திக்கானின் கலாசாரச் செல்வங்களுக்கான ஆணைக்குழு விடுத்த சுற்றறிக்கையும், இத்தகைய கணக்கெடுப்பைத் தாமதிக்கலாகாத கடமையென்றே வற்புறுத்தியது.

ஆயினும் எந்தப் பெயரை நிலைப்பெயராக்குவது? இத்தாலியில் பிறந்த ராபர்ட் தெ நொபிலி, மதுரையில் காவியுடை தரித்து, சந்நியாச ஆசாரங்களை மேற்கொண்டு, தத்துவ போதகர் என்று வழங்கப்பெற்று, 1656இல் இதே மயிலாப்பூரில் உயிர்நீத்தார். பிறவிப்பெயரை முன்வைப்பது தேடுவோருக்குச் சௌகரியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய வாழ்வின் சங்கற்பமே அடங்கிய பெயரைக் காரணமும் காலமும் குறிக்காமல் மாற்றுப்பெயர்களின் வரிசையில் தள்ளிவிடுவது, மனிதரை விட்டு ஜாதகத்தை மட்டும் பாதுகாப்பதாகும்.

இதனினும் நுட்பமானது கல்லறை பற்றிய பிரச்சினை. தோமையாரின் திருப்பண்டங்களை எதேசா நகரம் பண்டே போற்றியது. இத்தாலியின் ஓர்தோனா 1258 முதல் அவற்றை உடையதாகக் கொண்டாடி வருகிறது. மயிலாப்பூரோ, அவர் வேதசாட்சியாக மரித்து அடக்கம் பெற்ற ஸ்தலம் தானே என்கிறது. பெயர்களை ஒன்றுசேர்க்கும் அதிகாரம் பட்டியலாளனுக்கு உண்டு. இந்த வழக்கில் தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை. பஸ் நடத்துனர் 'லஸ்' என்று ஒரே அசையில் முடித்துவிடும் இடத்துக்குப் பெயரளித்த பிரகாச மாதா ஆலயத்திலும் இதே நியாயந்தான்: கல்வெட்டு 1516 என்று கூறுகிறது என எழுதுவது பதிவு, 1516இல் கட்டப்பட்டது என எழுதுவது தீர்ப்பு. நம்முடைய ஆலயங்களில் கணக்கெடுக்கப் புறப்படுவோர், காட்டுக்கோயில் என்று ஊரார் பிரகாச மாதா ஆலயத்தை அழைத்துவருவது போன்ற பெயரையும் விடாமல் எழுதி, ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் அதனைக் கூறியவர் யார், எக்காலத்தில் கூறினார் என்பதையும் தவறாது குறித்துவைப்பாராக.