சொல்லக் கூடாத சொல்

கடவுச்சொல் ஒருவரைப் பற்றிய உண்மை அல்ல. பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் ஆளைப் பற்றியவை. நாலு பேருக்குத் தெரிந்தவை. கடவுச்சொல்லோ ஆளைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஒருவருக்கும் ஒரு கணினிக்கும் இடையே முன்பே செய்துகொண்ட ஏற்பாடு அது, அவ்வளவுதான். ‘கடவு’ என்றால் வழி. கடவுச்சீட்டில் இருப்பதும் இதே கடவுதான். ஓசூரை அடுத்த ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். அந்த எல்லையில் வண்டியை நிறுத்துபவர் காகிதத்தையும் பார்ப்பார், முகத்தையும் பார்ப்பார். தெரிந்த ஆள் என்றால் தலையசைத்து அனுப்பிவிடவும் கூடும். இணையத்தின் மறுமுனையில் இருக்கும் கணினிக்கு இந்தத் தாட்சண்யம் கிடையாது. வந்திருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. சொல் சரியா என்றுதான் தெரியும். சரியான சொல்லைச் சொன்னவர் எவரோ, அவரே உரியவர். ஆகவே கடவுச்சொல்லைக் கொடுப்பது ஒரு பொருளை இரவல் கொடுப்பதைப் போன்றதல்ல. அந்த இடத்தில் தானாக நிற்கும் உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பது.

ஓசூரில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஊர் தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்தது. இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களும் ஏராளம். இவர்களில் யாரை எடுத்துக்கொண்டாலும் கையில் குறைந்தது பத்துக் கணக்குகள் இருக்கும்: சம்பளம் விழும் வங்கி, யுபிஐ, பி.எஃப்.புக்கான 12 இலக்க யுஏஎன், இஎஸ்ஐ, உமங், டிஜிலாக்கர், ஊருக்குப் போக ஐஆர்சிடிசி, மின்னஞ்சல், முகநூல். வீடு ஓசூரிலும் வேலை பொம்மசந்திராவிலும் என்றால் இந்தப் பக்கம் இ-சேவை, அந்தப் பக்கம் சேவா சிந்து என்று இரண்டு அரசுகளின் வாசல்களும் சேர்ந்துகொள்ளும்.

இத்தனை சொற்களையும் வைத்துக் காப்பதற்கு மக்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது: வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுவது. தொழிற்பேட்டையை ஒட்டிய ஜெராக்ஸ் கடை ஒன்றில் நீல அட்டை போட்ட நீள நோட்டு இருக்கும். ஒரு வரிக்கு ஒரு ஆள். பெயர், செல் நம்பர், யுஏஎன், கடைசிக் கட்டத்தில் பாஸ்வேர்டு. பெரும்பாலான வரிகளில் அந்தக் கடைசிக் கட்டம் பெயரின் முதல் நாலு எழுத்தும் ‘அட் 123’ என்பதுமாகவே இருக்கும், ஏனென்றால் வைத்துக்கொடுத்தவர் கடைக்காரர். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அந்த நோட்டு நாலு நாள் காணாமல் போனால் நூறு பேர் காணாமல் போனதற்குச் சமம். ஏடிஎம் அட்டையின் உறையிலேயே பின் நம்பரை எழுதி வைப்பதும், அட்டையை மேஸ்திரியிடம் கொடுத்து வைப்பதும், விடுதியில் இருக்கும் மகளின் யுபிஐ பின் எண்ணை அப்பா மனப்பாடமாக வைத்திருப்பதும் இதே வழியின் கிளைகள்.

இதில் வசதியைத் தாண்டி ஒரு நம்பிக்கை இருக்கிறது. நெருங்கியவரிடம் மறைப்பது அன்பில் குறை என்ற நம்பிக்கை. பெற்றவரிடம் சொல்லாமல் ஒரு எண்ணா, கட்டிய கணவனிடம் மறைத்து ஒரு சொல்லா என்ற கேள்விக்கு முன்னால் பாதுகாப்பு அறிவுரைகள் எதுவும் எடுபடுவதில்லை. அறிவுரை சொல்பவர்கள் இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது அறியாமை அல்ல, ஓர் ஒழுக்கக் கொள்கை. அதற்குப் பெரிய துணையும் உண்டு. காந்தி சத்தியாக்கிரகத்தில் ஒளிவுமறைவைப் பாவமாகவே எண்ணினார். 1930இல் தண்டிக்குப் புறப்படும் முன் வைஸ்ராய் இர்வினுக்குத் தாம் செய்யப்போவதைக் கடிதமாக எழுதி அனுப்பிவிட்டுத்தான் நடந்தார். எதிரிக்கே மறைக்கக் கூடாது என்றால் வீட்டாருக்கு எப்படி மறைப்பது?

அதே ஆண்டு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த ராஜாஜி, ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர். இராமாயணத்தை அவர் தமிழ் உரைநடையில் எழுதிய ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மேலே கேட்ட கேள்விக்கு விடை அந்தக் கதைக்குள்ளேயே கிடக்கிறது. வான்மீகியின் சுந்தரகாண்டத்தில் அனுமன் வந்து தன்னை இராமனின் தூதன் என்று சொன்னதும் சீதை உடனே நம்பிவிடுவதில்லை. இராவணன்தான் வேடம் மாறி வந்திருக்கிறான் என்று அஞ்சுகிறாள். அஞ்சக் காரணம் உண்டு: துறவி வேடத்தில் வந்தவனுக்கு விருந்தோம்பியதில்தான் அவள் சிறைப்பட்டாள். இப்போது அவள் கேட்பது அடையாளம். அனுமன் இராமனுடைய அங்க இலக்கணங்களைச் சொல்கிறான், பிறகு மோதிரத்தைத் தருகிறான். திரும்பும்போது சீதையும் அப்படியே செய்கிறாள்: சூடாமணியைக் கொடுக்கிறாள், கூடவே தனக்கும் இராமனுக்கும் மட்டுமே தெரிந்த காகத்தின் கதையைச் சொல்லி அனுப்புகிறாள். கையில் இருக்கும் பொருள் ஒன்று, மனத்தில் இருக்கும் செய்தி ஒன்று. பொருளை எவரும் பறித்துக்கொள்ளலாம், செய்தியை எவரும் ஒட்டுக் கேட்கலாம். இரண்டும் ஒருவரிடமே சேர்வது அரிது. இன்று வங்கி கேட்கும் கடவுச்சொல்லும் செல்பேசிக்கு வரும் ஓடிபியும் இந்த இரட்டை அடையாளத்தின் பிள்ளைகள்தான்.

கவனிக்க வேண்டியது சீதையின் சந்தேகம். இராமன் மீது அன்பு குறைந்ததால் அவள் இராமனின் தூதனைச் சந்தேகிக்கவில்லை. அந்த அன்பு வேறு கைக்குப் போய்விடக் கூடாது என்பதால் சந்தேகிக்கிறாள். அனுமனும் கோபித்துக்கொள்ளவில்லை, என்னையே நம்பவில்லையா என்று கேட்கவில்லை. உண்மையான தூதனுக்கு அடையாளம் கேட்கப்படுவது அவமானம் அல்ல. பொய்த் தூதன்தான் அதைக் கேட்டதும் பதறுவான். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, உடனே ஓடிபியைச் சொல்லாவிட்டால் கணக்கு முடங்கும் என்று மிரட்டும் குரலைக் கேட்டவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. காந்தியின் கொள்கையும் இங்கே மோதவில்லை. அவர் கண்டித்தது செயலை மறைப்பதை. கடவுச்சொல் எந்தச் செயலையும் மறைப்பதில்லை. எடுத்த பணம் பாஸ்புக்கில் வரியாக விழுந்துவிடுகிறது. மகள் அதை அப்பாவிடம் விரித்துக் காட்டலாம். கணக்கைக் காட்டுவது வேறு, கணக்கில் தன் இடத்தில் இன்னொருவரை உட்கார வைப்பது வேறு.

சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இறைவனின் ஐந்தொழில்களில் படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை. நான்காவது மறைத்தல், ஐந்தாவது அருளல். உயிர் பக்குவப்படும் வரை உண்மையை அதனிடமிருந்து மறைத்து வைப்பது திரோதான சக்தி. உயிரைப் பிணிக்கும் அழுக்குகளான மலங்களை ஏவி நிற்பதால் அதையும் ஒரு மலமாக எண்ணுவதுண்டு. ஆனால் இயல்பில் அது அருளே என்பது சித்தாந்தத்தின் முடிவு. ஓசூர் மலைமேல் சந்திரசூடேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு இறங்குபவர் அத்தனை பேரும் இதைப் படித்திருக்க மாட்டார்கள். என்றாலும் மறைப்பு என்றாலே வஞ்சகம் என்று இந்த மரபு கொள்ளவில்லை என்பது முக்கியம். வெளிப்பட வேண்டிய வேளை வரும்வரை மறைப்பதும் காப்பதில் ஒரு வகை. தமிழில் ‘மறை’ என்ற ஒரே சொல் ஒளித்து வைப்பதையும் குறிக்கிறது, வேதத்தையும் குறிக்கிறது.

இந்த ஒப்பீட்டை ஓர் எல்லைக்கு மேல் இழுக்க முடியாது. மந்திரமும் மறைபொருள்தான், ஆனால் பகிர்ந்தால் அது குறைவதில்லை. திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற எட்டெழுத்தை இராமானுசர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்பது வைணவ மரபு. கேட்ட அத்தனை பேரிடமும் அது முழுதாக இருந்தது. கடவுச்சொல்லைக் கோபுரத்திலிருந்து சொன்னால் அந்த நொடியே அது செத்துப்போகும். மனப்பாடத்திலும் இதே வேறுபாடுதான். பதம், கிரமம், ஜடை, கனம் என்று பலவகையாக மாற்றி ஓதி வேதத்தை ஏட்டில் எழுதாமலே காத்த மரபை யுனெஸ்கோ 2003இல் சிறப்பித்தது. அந்த நினைவு நிலைத்ததற்கு நினைவாற்றல் மட்டும் காரணமல்ல. ஒருவர் பிழையாக ஓதினால் பக்கத்தில் இருப்பவர் திருத்துவார். கடவுச்சொல்லை மறந்தவருக்கு எடுத்துக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை, இருக்கவும் கூடாது. தனியொருவர் பதினைந்து இருபது அர்த்தமற்ற சொற்களைத் துணையின்றி நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பதே தவறு. அப்படி எதிர்பார்த்ததால்தான் எல்லாக் கணக்குக்கும் ஒரே சொல் என்ற பழக்கம் வந்தது. எங்கோ ஒரு சின்ன விற்பனைத் தளத்தில் அது கசிந்தால் பி.எஃப். வரை கதவு திறக்கும்.

சொல்லை யார் அறிந்திருக்க வேண்டும் என்பதற்குக் கணினித் துறை தட்டுத்தடுமாறி ஒரு நல்ல விடையைக் கண்டது. 1960களின் தொடக்கத்தில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் பொதுக் கணினியில் எல்லாருடைய கடவுச்சொற்களும் ஒரே கோப்பில் அப்படியே கிடந்தன. தனக்கு ஒதுக்கிய நேரம் போதாத ஓர் ஆய்வாளர் 1962இல் அந்தக் கோப்பை அச்சடித்து எடுத்துக்கொண்டார். ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் விளக்கிய முறையில் கணினி சொல்லை வைத்துக்கொள்வதே இல்லை. அதை அரைத்த மாவை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் வரும் சொல்லை அதேபோல் அரைத்து, மாவும் மாவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் மாவு வேறுபடும்படி அரைக்கும்போது ஆளுக்கொரு பிடி சேர்ப்பார்கள். அதற்கு அத்துறையில் உப்பு என்றே பெயர். முறையாக நடக்கும் எந்த நிறுவனத்துக்கும் வாடிக்கையாளரின் கடவுச்சொல் தெரியாது, தெரியவும் தேவையில்லை. தெரிய வேண்டியவருக்கே தேவைப்படாத ஒன்றை ஒருவர் கேட்கிறார் என்றால், அவர் யார் என்பது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

அப்படியானால் எங்கே வைப்பது? நினைவு போதாது, மனிதர் கூடாது என்றால் மிஞ்சுவது பொருள். வீட்டுப் பீரோவில் இருக்கும் நோட்டு பலர் நினைப்பதைவிடப் பாதுகாப்பானது. நாட்டின் மறுகோடியில் உட்கார்ந்து திருடுபவனின் கை அதை எட்டாது. செல்பேசி உறைக்குள் செருகிய சீட்டுதான் ஆபத்து, ஏனென்றால் பூட்டும் சாவியும் ஒன்றாகத் தொலையும். கணக்குகள் பத்தைத் தாண்டினால் பிட்வார்டன், கீபாஸ் போன்ற கடவுச்சொல் பெட்டகம் நல்லது. ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறான, எவராலும் ஊகிக்க முடியாத நீளச் சொல்லை அதுவே உண்டாக்கிப் பூட்டி வைக்கும். மனிதர் நினைவில் வைக்க வேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் தலைமைச் சொல் ஒன்றுதான். அதற்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களைக் கோத்து ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும். பெட்டகமும் நம்பிக்கைதான்: 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் பூட்டிய பெட்டகங்களின் பிரதிகளே களவுபோயின. தலைமைச் சொல் நீளமாக இருந்தவர்கள் அஞ்சக் காரணம் குறைவு. குறித்த கால இடைவெளியில் கட்டாயமாக மாற்றச் சொல்லும் பழைய விதியை அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே கைவிட்டது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுகிறார்கள் என்று தெரிந்துபோயிற்று.

எல்லைப் பகுதிக்கென்று ஒரு சிக்கல் தனியாக உண்டு. கர்நாடக சிம் ஒன்று, தமிழ்நாட்டு சிம் ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், ஆதாரில் பதிந்த எண்ணை மாற்ற மறந்துவிடுகிறார்கள். சொல் சரியாக இருந்தும் ஓடிபி வேறு யாருடைய கைக்கோ போகிறது. சகுந்தலையின் கதையில் மோதிரம் தொலைந்ததால் துஷ்யந்தனுக்கு அவளையே அடையாளம் தெரியாமல் போனது போல. பழைய எண்ணை விடுவதற்கு முன்பே ஆதாரிலும் வங்கியிலும் புதிய எண்ணைப் பதிவது ஒன்றே வழி. இரவல் கொடுத்த அடையாளத்துக்கும் விலை உண்டு. பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்கும் ஒரு லட்சம் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். ஆனால் கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கையே வாடகைக்கு விட்டவரைத் தேடியும் போலீஸ் வரும், ஏனென்றால் ஏட்டில் இருப்பது அவர் பெயர். பணம் போனது தெரிந்தவுடன் அழைக்க வேண்டிய எண் 1930.

கடைசியாக, மறைத்தலுக்குப் பின் வரும் அருளல். உரியவர் இறந்தால் அவரோடு சேர்ந்து எரிந்துபோகும் இரகசியம் வீட்டாரைத் தெருவில் நிறுத்தும். பி.எஃப்.பில் இணையவழியே நாமினியைப் பதியலாம், வங்கியிலும் அப்படியே. அங்கெல்லாம் நாமினிக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை, பதிவு போதும். கூகுள் 2013இலிருந்து, கணக்கு நெடுநாள் அசையாமல் கிடந்தால் உரியவர் முன்பே குறித்த நபருக்குத் தகவல் சொல்லும் வசதியை வைத்திருக்கிறது. ஆப்பிள் 2021இல் அதுபோன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. இவை எட்டாத மற்றவற்றுக்குப் பெட்டகத்தின் தலைமைச் சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டு, ரேஷன் கார்டும் பட்டாவும் இருக்கும் பெட்டியிலேயே வைக்கலாம். உறை இருக்கும் இடம் வீட்டாருக்குத் தெரிந்திருக்கட்டும். உள்ளே இருப்பது தெரிய வேண்டாம். உறை பிரிந்திருந்தால் கையெழுத்து காட்டிக்கொடுக்கும். தலைமைச் சொல்லை மாற்றும் நாளில் உறையையும் மாற்ற வேண்டும்.